ஆல்வேஸா, சம்டைம்ஸா? 'எத்தனை முறை' என்பதை ஆங்கிலத்தில் தப்பில்லாமல் சொல்வோம்



இந்த இதழில் ஒரு சின்னச் சூழலோடு பாடத்தைத் தொடங்குவோம். சர்க்கரை நோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா, வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். திடீரென உடம்பு சரியில்லை. அங்கே இருக்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். மகன் சொல்கிறார்:

"ஷி யூஸ்ட் டு டேக் டேப்லெட்ஸ் ஃபார் சுகர்."

மகன் சொல்ல நினைத்தது: "அம்மா சுகருக்கு மாத்திரை சாப்பிடுறாங்க." டாக்டருக்குப் புரிந்தது: "முன்னாடி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, இப்போ இல்லை." சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது, நடுவில் ஒரு தப்பு நடந்துவிட்டது. மருத்துவமனையில் இப்படிப்பட்ட தப்புக்கு விலை அதிகம்.

எப்போதும், வழக்கமாக, அடிக்கடி, சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. தமிழில் இந்தச் சொற்களை நாம் யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தடுமாற்றம். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு நீங்கள் தாராளமாகத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வங்கிக்கு மின்னஞ்சல், வாடிக்கையாளர் சேவை 'சாட்', வெளிமாநில மருத்துவமனை, வேலைக்கான நேர்காணல் என்று ஆங்கிலம் தேவைப்படும் இடங்கள் நம் எல்லோருக்கும் வருகின்றன. கையில் இருக்கும் ஸ்மார்ட்போனிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறோம். அனுப்புவதற்கு முன் கவனிக்க வேண்டியவை எவை என்று பார்ப்போம்.

1. முதலில் ஓர் ஏணி

உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதை வைத்துக் கணக்குப் போடுவோம். பத்து நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆல்வேஸ் – எப்போதும். பத்து நாளும் வருகிறது.
யூஷுவலி – வழக்கமாக. எட்டு, ஒன்பது நாள் வருகிறது.
ஆஃபன் – அடிக்கடி. ஆறு, ஏழு நாள் வருகிறது.
சம்டைம்ஸ் – சில நேரம். மூன்று, நான்கு நாள் வருகிறது.
ரேர்லி, செல்டம் – அரிதாக. ஒரு நாள் வந்தால் அதிசயம்.
நெவர் – ஒருபோதும் இல்லை. பத்து நாளும் வரவில்லை.

இது துல்லியமான கணக்கு இல்லை, எது மேலே, எது கீழே என்று மனதில் நிற்பதற்காகத்தான். 'ஆஃபன்' என்பதைச் சிலர் 'ஆஃப்டன்' என்று உச்சரிப்பார்கள். இரண்டுமே சரிதான், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

2. வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது?

தமிழில் "நான் எப்போதும் பஸ்ஸில் போவேன்", "எப்போதும் நான் பஸ்ஸில் போவேன்", "பஸ்ஸில்தான் எப்போதும் போவேன்" என்று எப்படி மாற்றினாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் இந்தச் சொற்களுக்கு நிலையான இருக்கை உண்டு. நான்கு விதிகளை நினைவில் வைத்தால் போதும்.

முதல் விதி: சாதாரண வினைச்சொல்லுக்கு முன்னால் வரும்.
"ஐ ஆல்வேஸ் பே தி பில் ஆன்லைன்." – நான் எப்போதும் ஆன்லைனில்தான் பில் கட்டுவேன்.

இரண்டாம் விதி: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஆகியவை தனியாக வந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும்.
"தி சர்வர் இஸ் ஆஃபன் ஸ்லோ." – சர்வர் அடிக்கடி மெதுவாக இருக்கிறது.

மூன்றாம் விதி: ஹேவ், ஹேஸ், கேன், வில் போன்ற துணைவினை வந்தால், துணைவினைக்கும் முக்கிய வினைக்கும் நடுவில் வரும்.
"ஐ ஹேவ் நெவர் ஷேர்ட் மை ஓடிபி." – என் ஓடிபியை நான் யாருக்கும் சொன்னதே இல்லை.

பணம் பறிபோய் 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொன்ன பிறகு, வங்கிக்கு எழுத்திலும் விளக்கம் தர வேண்டி வரலாம். அப்போது இந்த வாக்கியம் உதவும். இதையே "ஐ டிட் நாட் நெவர் ஷேர்" என்று எழுதினால் இரண்டு 'இல்லை' வந்து குழப்பிவிடும். 'நெவர்' இருந்தால் 'நாட்' வேண்டாம்.

நான்காம் விதி: கேள்வியில் எழுவாய்க்கு அடுத்து வரும்.
"டூ யூ யூஷுவலி க்ளோஸ் அட் ஃபைவ்?" – வழக்கமாக ஐந்து மணிக்கு மூடிவிடுவீர்களா?

சம்டைம்ஸ், யூஷுவலி, ஆஃபன் ஆகியவற்றை வாக்கியத்தின் தொடக்கத்திலும் வைக்கலாம். "சம்டைம்ஸ் தி ஆப் ஸ்டாப்ஸ் வொர்க்கிங்" என்பது சரியான வாக்கியம். ஆனால் ஆல்வேஸை அப்படித் தொடக்கத்தில் வைத்து "ஆல்வேஸ் ஐ கோ" என்று எழுதக் கூடாது.

கூடவே ஓர் எச்சரிக்கை. "ஹி ஆல்வேஸ் ஆஸ்க்ஸ் ஃபார் தி ரசீது காப்பி" என்றால் அது தகவல். "ஹி இஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் ஃபார் தி ரசீது காப்பி" என்றால் "சும்மா சும்மா கேட்டுக்கிட்டே இருக்காரு" என்ற எரிச்சல் கலந்துவிடும். அலுவலகக் கடிதத்தில் நீங்கள் குறை சொல்ல நினைக்காத இடத்தில், இந்த இரண்டாவது வடிவம் குறை சொல்லிவிடும்.

3. உள்ளேயே 'இல்லை' இருக்கும் சொற்கள்

ரேர்லி, செல்டம், ஹார்ட்லி, ஹார்ட்லி எவர் ஆகியவற்றில் 'இல்லை' என்ற பொருள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதனால் இவற்றோடு 'நாட்' சேர்க்கக் கூடாது.

தவறு: "தி பஸ் டஸ் நாட் ஹார்ட்லி கம்."
சரி: "தி பஸ் ஹார்ட்லி எவர் கம்ஸ்." – பஸ் வருவதே அபூர்வம்.

நம்ம ஆளுங்க அதிகமாகச் சறுக்கும் இடம் ஹார்ட், ஹார்ட்லி. 'ஹார்ட்' என்றால் கடினமாக. 'ஹார்ட்லி' என்றால் 'ஏறக்குறைய இல்லவே இல்லை'. நேர்காணலில் ஒருவர் தன் உழைப்பைப் பெருமையாகச் சொல்ல நினைத்து "ஐ ஹார்ட்லி வொர்க்" என்றால், கேட்பவருக்கு "நான் வேலையே செய்ய மாட்டேன்" என்றுதான் புரியும். "ஐ வொர்க் ஹார்ட்" என்பதே சரி.

லேட், லேட்லி கதையும் இதேதான். 'லேட்' என்றால் தாமதமாக. 'லேட்லி' என்றால் சமீப காலமாக. "தி பென்ஷன் கேம் லேட்" – பென்ஷன் தாமதமாக வந்தது. "லேட்லி, தி பென்ஷன் ஹேஸ் பீன் கமிங் ஆன் டைம்" – சமீப காலமாக பென்ஷன் சரியான நேரத்தில் வருகிறது. ஒன்று குறை, மற்றொன்று பாராட்டு!

4. 'நாட் ஆல்வேஸ்' வேறு, 'நெவர்' வேறு

"தினமும் தண்ணி வர்றதில்லை" என்று சொல்கிறோம். இதற்கு இரண்டு பொருள் வரலாம். ஒன்று: தினமும் வராது, விட்டு விட்டு வரும். இரண்டு: எந்த நாளும் வருவதே இல்லை. பேசும்போது குரலும் முகமும் புரியவைத்துவிடும். இதையே "டெய்லி வாட்டர் இஸ் நாட் கமிங்" என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி அனுப்பினால், படிக்கும் அதிகாரி எதை எடுத்துக்கொள்வார்?

விட்டு விட்டு வருகிறது என்றால்: "வாட்டர் டஸ் நாட் கம் எவ்ரி டே."
வருவதே இல்லை என்றால்: "வாட்டர் நெவர் கம்ஸ்."

முதல் குறைக்கு நேரத்தை ஒழுங்குபடுத்தினால் போதும். இரண்டாவது குறைக்குக் குழாயையே தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம். எந்த வாக்கியத்தை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து யார் வருவார்கள், என்ன கருவியோடு வருவார்கள் என்பதும் மாறும்.

5. 'யூஸ்ட் டு' – இன்றைய பழக்கத்துக்கு வேண்டாம்

தொடக்கத்தில் பார்த்த மகன் எங்கே தவறினார்? "சாப்பிடுவது வழக்கம்" என்பதை அவர் "யூஸ்ட் டு டேக்" என்று மாற்றிக்கொண்டார். நம் ஊரில் நிறையப் பேர், நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள் உட்பட, இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 'யூஸ்ட் டு' என்பது முடிந்துபோன பழக்கத்தை மட்டுமே குறிக்கும்.

"ஐ யூஸ்ட் டு ஸ்மோக்." – முன்பு புகைபிடித்தேன், இப்போது விட்டுவிட்டேன்.
"ஷி டேக்ஸ் டேப்லெட்ஸ் ஃபார் சுகர் எவ்ரி டே." – தினமும் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

இன்றும் தொடரும் பழக்கத்துக்கு இரண்டு வழி உண்டு. சாதாரண நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: 'ஐ கோ', 'ஷி டேக்ஸ்'. இல்லையென்றால் 'யூஷுவலி' சேருங்கள்: "ஐ யூஷுவலி வாக் இன் தி மார்னிங்." இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டாலே இன்றைய பாடத்தின் பாதிப் பலன் கிடைத்த மாதிரி.

6. ஒட்டினால் ஒரு பொருள், பிரித்தால் ஒரு பொருள்

ஸ்மார்ட்போனில் குரல் வழியாகத் தட்டச்சு செய்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் சொற்களைப் போன் சில நேரம் மாற்றிப் போட்டுவிடும்.

'எவ்ரி டே' என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினால் 'ஒவ்வொரு நாளும்'. 'எவ்ரிடே' என்று ஒரே சொல்லாக எழுதினால் 'அன்றாட, சாதாரண' என்று பொருள், அடுத்து ஒரு பெயர்ச்சொல் வரும். "பவர் கோஸ் ஆஃப் எவ்ரி டே" – தினமும் மின்சாரம் போகிறது. இங்கே பிரித்துத்தான் எழுத வேண்டும். "இட் இஸ் அன் எவ்ரிடே ப்ராப்ளம்" – இது அன்றாடப் பிரச்சினை. இங்கே சேர்த்து எழுத வேண்டும்.

'சம்டைம்ஸ்' என்று கடைசியில் 'எஸ்' எழுத்தோடு வந்தால் 'சில நேரங்களில்'. 'சம்டைம்' என்று 'எஸ்' இல்லாமல் வந்தால் 'எப்போதோ ஒரு நாள்'. 'சம் டைம்' என்று பிரித்து எழுதினால் 'கொஞ்ச நேரம்'.

"சம்டைம்ஸ் தி லைட் டஸ் நாட் வொர்க்." – சில நேரம் விளக்கு எரிவதில்லை.
"ஐ வில் கம் சம்டைம் நெக்ஸ்ட் வீக்." – அடுத்த வாரம் ஒரு நாள் வருகிறேன்.
"ப்ளீஸ் கிவ் மி சம் டைம்." – எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

படிவங்களில் 'ஹேவ் யூ எவர்...' என்று தொடங்கும் கேள்விகளும் வரும். 'எவர்' என்றால் 'வாழ்நாளில் ஒரு முறையாவது'. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் பதில் 'யெஸ்'தான். 'சமீபத்தில் இல்லையே' என்று நினைத்து 'நோ' போட்டுவிடாதீர்கள்.

7. ஒன்ஸ், ட்வைஸ், எவ்ரி

முறைகளை எண்ணிச் சொல்லும்போது வரிசை முக்கியம். முதலில் எண்ணிக்கை, பிறகு காலம்.

"ஒன்ஸ் எ வீக்" – வாரத்துக்கு ஒரு முறை.
"ட்வைஸ் எ டே" – நாளுக்கு இரண்டு முறை.
"சிக்ஸ் டைம்ஸ் எ இயர்" – ஆண்டுக்கு ஆறு முறை. தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டம் இப்படித்தான் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.
"எவ்ரி மண்டே" – ஒவ்வொரு திங்கட்கிழமையும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமைதான்.
"எவ்ரி அதர் டே" – ஒரு நாள் விட்டு ஒரு நாள். நம் ஊரில் சொல்லும் 'ஆல்டர்னேட் டேஸ்' இதுதான்.

"வீக்லி ஒன்ஸ்", "டெய்லி ட்வைஸ்" என்று தமிழ் வரிசையில் சொன்னாலும் இங்கே புரிந்துகொள்வார்கள். வெளியே எழுதும்போது "ஒன்ஸ் எ வீக்", "ட்வைஸ் எ டே" என்று எழுதிப் பழகுங்கள்.

ஆங்கிலம் பேசுகிறவர்களையே குழப்பும் ஒரு சொல்லும் இருக்கிறது: 'பை-மந்த்லி'. அகராதிகள் இதற்கு இரண்டு பொருளும் தருகின்றன: மாதத்துக்கு இரண்டு முறை என்றும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றும். நம் வீட்டு மின்கட்டணக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. வீடுகளுக்கான 100 யூனிட் இலவச மின்சாரமும் அந்த இரண்டு மாதக் கணக்குக்குத்தான். இதைப் 'பை-மந்த்லி' என்று எழுதினால் வெளியூர்க்காரருக்குக் குழப்பம் வரலாம். "ஒன்ஸ் எவ்ரி டூ மந்த்ஸ்" என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. 'பை-வீக்லி'க்கும் இதே சிக்கல் உண்டு. 'பை-ஆன்யுவல்' என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை, 'பையெனியல்' என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. மாநிலங்களவைத் தேர்தல் செய்திகளில் இந்தப் 'பையெனியல்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள்.

8. மருந்துச் சீட்டைப் படிக்கும்போது

'எத்தனை முறை' என்ற கேள்விக்கு உயிர் மதிப்பு இருக்கும் இடம் மருந்துச் சீட்டு. சில சுருக்கங்கள்:

ஓடி – நாளுக்கு ஒரு முறை.
பிடி – நாளுக்கு இரண்டு முறை.
டிடிஎஸ் – நாளுக்கு மூன்று முறை.
ஹெச்எஸ் – இரவு படுக்கப் போகும்போது.
எஸ்ஓஎஸ் – தேவைப்பட்டால் மட்டும். வலி இல்லையென்றால் போட வேண்டாம்.
1-0-1 – காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று.

'எவ்ரி சிக்ஸ் அவர்ஸ்' என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது 24 மணி நேரத்தில் நான்கு முறை. ஆறு முறை அல்ல!

'ஒன்ஸ் எ வீக்' என்று எழுதியிருந்தால் இரண்டு தடவை படியுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டியது. அதைத் தினமும் சாப்பிட வேண்டியது என்று தவறாகப் புரிந்துகொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் மருந்தாளுநரிடம் தமிழிலேயே கேளுங்கள்: "வாரத்துக்கு ஒரு தடவையா, நாளுக்கு ஒரு தடவையா? எந்தக் கிழமை?" பதிலை மாத்திரை அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வையுங்கள்.

9. ஒரு புகாரைத் திருத்துவோம்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிய செய்தி இது என்று வைத்துக்கொள்வோம்:

"டெய்லி வாட்டர் இஸ் நாட் கமிங். சம்டைம் ஒன்லி கமிங். மார்னிங் ஹார்ட்லி நாட் கமிங். வீ யூஸ்ட் டு பை கேன் வாட்டர்."

எழுதியவரின் கஷ்டம் நமக்குப் புரிகிறது. ஆனால் படிப்பவருக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்பது தெரியவில்லை. கடைசி வாக்கியமோ "முன்பு கேன் தண்ணீர் வாங்கினோம், இப்போது வாங்குவதில்லை" என்று சொல்கிறது. அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடலாமே!

திருத்திய வடிவம்:

"வாட்டர் டஸ் நாட் கம் எவ்ரி டே. இட் யூஷுவலி கம்ஸ் ஒன்ஸ் எவ்ரி ஃபோர் டேஸ், ஃபார் அபவுட் ட்வென்டி மினிட்ஸ். இட் ஹார்ட்லி எவர் கம்ஸ் இன் தி மார்னிங். வீ பை கேன் வாட்டர் த்ரீ டைம்ஸ் எ வீக்."

பொருள்: தண்ணீர் தினமும் வருவதில்லை. வழக்கமாக நான்கு நாளுக்கு ஒரு முறை, சுமார் இருபது நிமிடம் வருகிறது. காலையில் வருவது மிக அபூர்வம். வாரம் மூன்று முறை கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

கடைசி வாக்கியத்தில் 'ஆஃபன்' என்று எழுதாமல் 'வாரம் மூன்று முறை' என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கு 'அடிக்கடி' என்பது வாரம் மூன்று முறையாக இருக்கலாம். படிப்பவருக்கு அது மாதம் மூன்று முறையாகத் தோன்றலாம். எண்ண முடிந்த இடத்தில் எண்ணையே எழுதுங்கள். எண்ண முடியாத இடத்தில் மட்டும் ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி உதவிக்கு வரட்டும். எண்ணிக்கை வேண்டுமென்றால் போனில் இருக்கும் காலண்டரில் மின்தடை வந்த நாளை, தண்ணீர் வராத நாளைக் குறித்து வைத்தாலே போதும்.

மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்று செய்யலாம். தமிழிலிருந்து கிடைத்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே அனுப்பாமல், அதைத் திரும்பவும் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். நீங்கள் நினைத்த 'எத்தனை முறை' மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஓடிபி, கணக்கு எண் போன்றவற்றை அந்தச் செயலியில் போட வேண்டாம்.

10. நீங்களே செய்து பாருங்கள்

சரியான சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

1. தினமும் காலையில் நடைப்பயிற்சி செய்கிறேன், இன்றும் தொடர்கிறது. "ஐ ___ வாக் இன் தி மார்னிங்." (யூஸ்ட் டு / யூஷுவலி)
2. கடினமாகப் படித்தேன். "ஐ ஸ்டடீட் ___." (ஹார்ட் / ஹார்ட்லி)
3. சில நேரம் ஓடிபி வருவதில்லை. "___ தி ஓடிபி டஸ் நாட் கம்." (சம்டைம் / சம்டைம்ஸ்)
4. அலுவலகம் எப்போதும் கூட்டமாக இருக்கிறது. "தி ஆஃபீஸ் ___ க்ரவுடட்." (ஆல்வேஸ் இஸ் / இஸ் ஆல்வேஸ்)
5. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் கட்டுகிறோம். "வீ பே தி பில் ___." (பை-மந்த்லி / ஒன்ஸ் எவ்ரி டூ மந்த்ஸ்)
6. இந்த மாத்திரை வலித்தால் மட்டும். சீட்டில் இருப்பது ___. (பிடி / எஸ்ஓஎஸ்)

விடைகள்: 1. யூஷுவலி. 2. ஹார்ட். 3. சம்டைம்ஸ். 4. இஸ் ஆல்வேஸ். 5. ஒன்ஸ் எவ்ரி டூ மந்த்ஸ் (பை-மந்த்லி முழுத் தவறல்ல, ஆனால் இரண்டு பொருள் தரும்). 6. எஸ்ஓஎஸ்.

ஆறும் சரியா? சபாஷ்! ஒன்றிரண்டு தவறினாலும் பரவாயில்லை, அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால், மருந்தின் பெயரையும் எத்தனை முறை என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் இன்றே எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். "ஷி டேக்ஸ் திஸ் டேப்லெட் ட்வைஸ் எ டே." வெளியூர் டாக்டர் முன்னால் நிற்கும்போது, படத்தைக் காட்டி இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும்.